மானிட்டர் ஃப்ளிக்கர் ஆகிறதா? 'பேனல் போச்சு' என்று நம்புவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

'பேனல் போயிருச்சு சார்... அதை மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்.'

ஸ்க்ரீன் விட்டுவிட்டு மின்னுகிறது, கோடு கோடாக வருகிறது, நிறம் மாறித் தெரிகிறது என்று சர்வீஸ் கடைக்குப் போன பலரும் கேட்டிருக்கக்கூடிய வசனம் இது. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால், எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள்? கேபிளை மாற்றிப் பார்த்தார்களா? வேறு கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தார்களா? இதைக் கேட்டால் பல இடங்களில் தெளிவான பதில் வராது.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு மானிட்டர் என்பது சம்பளத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பொருள். ஸ்க்ரீன் இல்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை. ஃப்ரீலான்சருக்கு டெட்லைனே போய்விடும். அந்த அவசரத்தில்தான் தேவையில்லாத செலவு நடக்கிறது. இஎம்ஐ போட்டுப் புது மானிட்டர் வாங்கி வந்து, பழைய கேபிளையே அதில் சொருகி, புதுசும் ஃப்ளிக்கர் ஆவதைப் பார்த்துத் தலையில் கைவைப்பவர்களும் உண்டு.

ஒரு பொருளைத் தூக்கிப் போடச் சொல்வதற்கு முன், அதில் எது கெட்டுப்போனது என்று தெரிந்துகொள்வது காசு கொடுத்து வாங்கியவரின் உரிமை. அந்தச் சோதனையில் பாதியை வீட்டிலேயே, பைசா செலவில்லாமல் செய்துவிடலாம். மீதிப் பாதிக்குக் கடையும் கம்பெனியும் அரசும் பதில் சொல்ல வேண்டும்.

படம் எந்த வழியாக வருகிறது?

ஸ்க்ரீனில் தெரியும் படம் பல இடங்களைத் தாண்டித்தான் வருகிறது. முதலில், விண்டோஸ் போன்ற சிஸ்டமும் அதில் ஓடும் ஆப்களும். அடுத்து, படத்தை உருவாக்கும் கிராஃபிக்ஸ் சிப்பும் அதை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரும். மூன்றாவது, கேபிள். கடைசியாக மானிட்டர். மானிட்டருக்கு உள்ளேயும் பவர் சப்ளை, போர்டு, பின்னால் எரியும் பேக்லைட், படம் காட்டும் பேனல் என்று தனித்தனிப் பாகங்கள் இருக்கின்றன.

சாதாரண மானிட்டர் ஒன்று நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. இதைத்தான் 60 ஹெர்ட்ஸ் என்கிறார்கள். இந்தப் பாதையில் எந்த இடத்தில் தடங்கல் வந்தாலும் கண்ணுக்குத் தெரிவது ஸ்க்ரீனில்தான். அதனால் பழியும் ஸ்க்ரீன் மீதே விழுகிறது. பேனல் என்பது இந்த வரிசையின் கடைசி ஆள். விலையும் அதற்குத்தான் அதிகம். சந்தேகப்பட வேண்டிய வரிசையிலும் அது கடைசியாக இருப்பதுதான் நியாயம்.

முதலில் மூன்று சோதனைகள்

தவறு கம்ப்யூட்டர் பக்கமா, மானிட்டர் பக்கமா என்பதை முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் சோதனை: ஸ்க்ரீன் ஃப்ளிக்கர் ஆகும்போதே மானிட்டரில் இருக்கும் மெனு பட்டனை அழுத்துங்கள். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்று ஒரு மெனு வரும். அது கம்ப்யூட்டர் அனுப்பும் படமல்ல; மானிட்டரே சொந்தமாக உருவாக்குவது. பின்னால் படம் ஆட, மெனு மட்டும் ஆடாமல் நின்றால், பேனலும் பேக்லைட்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. கோளாறு கேபிளிலோ கம்ப்யூட்டரிலோ இருக்க வாய்ப்பு அதிகம். மெனுவும் சேர்ந்து மின்னினால் மானிட்டரைச் சந்தேகப்படலாம். கேபிளைக் கழற்றிவிட்டு, 'நோ சிக்னல்' என்று வரும் செய்தி ஆடாமல் நிற்கிறதா என்று பார்ப்பதும் இதே சோதனைதான்.

இரண்டாவது சோதனை: ஸ்க்ரீனில் கோடு, புள்ளி, நிற மாற்றம் இருக்கும்போது ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அதை மொபைலுக்கு அனுப்பிப் பாருங்கள். மொபைலிலும் அதே கோடு தெரிந்தால் படம் உருவாகும் இடத்திலேயே, அதாவது சாஃப்ட்வேரிலோ கிராஃபிக்ஸ் சிப்பிலோ பிரச்னை. மொபைலில் படம் சுத்தமாக இருந்தால், கேபிள், மானிட்டர் பக்கம் பார்வையைத் திருப்பலாம். இது நூறு சதவீதத் தீர்ப்பு கிடையாது. ஆனால் நல்ல தடயம்.

மூன்றாவது சோதனை: மாற்றிப் போட்டுப் பார்ப்பது. அதே மானிட்டரை வேறு லேப்டாப்பில் இணையுங்கள். அதே கம்ப்யூட்டரை வீட்டு டிவியில் இணையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கேபிள், போர்ட், டிரைவர் என மூன்றையும் ஒன்றாக மாற்றினால் பிரச்னை தீரலாம். எதனால் தீர்ந்தது என்பது கடைசி வரை தெரியாது.

கேபிளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்

மேசைக்குப் பின்னால் மடங்கி, கால்பட்டு, தூசி படிந்து கிடக்கும் கேபிளை யாரும் கண்டுகொள்வதில்லை. லூஸாக இருக்கும் ஒரு கனெக்‌ஷன் போதும், ஸ்க்ரீன் ஒரு நொடி கறுத்துத் திரும்ப வர.

பழைய விஜிஏ கேபிளில் 15 பின்கள் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் தனித்தனிக் கம்பியில் வரும். சிவப்புக்கான பின் வளைந்தாலோ உடைந்தாலோ ஸ்க்ரீன் முழுக்க நீலப்பச்சையாகத் தெரியும். அதைப் பார்த்து 'கலர் போச்சு, மானிட்டர் அவுட்' என்று முடிவுகட்டிவிடுவது எளிது. கேபிளைக் கழற்றிப் பின்னைப் பார்க்க ஒரு நிமிஷம்தான் ஆகும்.

எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் போன்ற டிஜிட்டல் கேபிள்களில் கோளாறு வேறு மாதிரி தெரியும். மின்மினிப் பூச்சி போலப் புள்ளிகள் வந்து போகும். அல்லது மொத்தமாகச் சில நொடிகள் இருட்டாகித் திரும்பும். கேபிளின் தரத்துக்கு மேல் வேலை வாங்கினாலும் இது நடக்கும். எச்டிஎம்ஐ 1.4 இணைப்பு 4கே படத்தை 30 ஹெர்ட்ஸ் வரைதான் தாங்கும். 4கே-வில் 60 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 தேவை. புது மானிட்டருக்குப் பழைய செட்-டாப் பாக்ஸ் கேபிளைப் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ரெசல்யூஷனையோ ரெஃப்ரெஷ் ரேட்டையோ ஒரு படி குறைத்ததும் ஃப்ளிக்கர் நின்றால், கேபிள் மீது சந்தேகம் உறுதியாகிறது.

பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். 2017-ன் தொடக்கத்தில் எல்ஜி நிறுவனத்தின் அல்ட்ராஃபைன் 5கே மானிட்டர், வைஃபை ரவுட்டருக்கு 2 மீட்டருக்குள் இருந்தால் படம் மின்னி, இணைப்பே துண்டிக்கப்படுவதாகப் புகார்கள் வந்தன. நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு பிப்ரவரிக்குப் பிறகு தயாரானவற்றில் கூடுதல் தடுப்புக் கவசம் சேர்த்தது; முன்பே வாங்கியவர்களுக்கும் அதைப் பொருத்தித் தருவதாகச் சொன்னது. விலை உயர்ந்த மானிட்டர், காரணமோ பக்கத்து ரவுட்டர்!

இதைவிட ஆச்சரியம் ஆபீஸ் நாற்காலி. உயரத்தை ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்ட் நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் உருவாகும் மின் அதிர்வை வீடியோ கேபிள் இழுத்துக்கொண்டு, ஸ்க்ரீன் ஒரு கணம் இருட்டாகலாம். டாக்கிங் சாதனங்களுக்கான தொழில்நுட்பத்தை உருவாக்கும் டிஸ்ப்ளேலிங்க் நிறுவனத்தின் உதவிப் பக்கத்திலேயே இது இருக்கிறது. 'நான் எழுந்தாலே ஸ்க்ரீன் போகுது' என்று ஒருவர் சொன்னால் சிரிக்க வேண்டாம். அவர் சொல்வது சரியாக இருக்கலாம்.

சாஃப்ட்வேர் கோளாறா? ஒரு எளிய சோதனை

விண்டோஸ் பயன்படுத்துபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழி ஒன்று உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து டாஸ்க் மேனேஜரும் மின்னினால் டிஸ்ப்ளே டிரைவரில் கோளாறு இருக்கலாம். டாஸ்க் மேனேஜர் மட்டும் ஆடாமல் நின்றால் ஏதோ ஒரு ஆப் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

டிரைவர்தான் காரணம் என்றால், சமீபத்தில் அப்டேட் ஆனதா என்று பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து, 'ரோல் பேக் டிரைவர்' மூலம் பழைய பதிப்புக்குப் போகலாம். வேலை நடுவே ஸ்க்ரீன் சிக்கிக்கொண்டால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் ரீஸ்டார்ட் ஆகும். திறந்திருக்கும் ஃபைல் எதுவும் மூடாது.

இன்னொரு தடயம், கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸ் வருவதற்கு முன்பே தெரியும் கம்பெனி லோகோவும் பயாஸ் ஸ்க்ரீனும். அங்கேயே ஃப்ளிக்கர் இருந்தால் விண்டோஸைக் குறை சொல்லிப் பலனில்லை. 'ஃபார்மேட் பண்ணா சரியாயிடும்' என்று யாராவது சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஒன்றைச் சோதித்துவிடுங்கள்.

கேமிங் மானிட்டர் வைத்திருப்பவர்கள் அடாப்டிவ் சிங்க் வசதியை ஆஃப் செய்து பார்க்கலாம். ரெஃப்ரெஷ் ரேட் ஏறி இறங்கும்போது, குறிப்பாக இருட்டான காட்சிகளில், சில மானிட்டர்களில் வெளிச்சம் துடிப்பது தெரிந்த விஷயம்தான்.

கரன்ட்டும் பேக்லைட்டும்

ஃப்ரிட்ஜோ மோட்டாரோ ஓடும்போது மட்டும் மின்னுகிறதா? பவர் கட் ஆகி இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வருகிறதா? அப்படியென்றால் வேறு பிளக் பாயின்ட்டில் போட்டுப் பாருங்கள். பல பிளக் சொருகிய எக்ஸ்டென்ஷன் போர்டைத் தவிர்த்து நேராகச் சுவரில் சொருகுங்கள். தனி அடாப்டர் உள்ள மானிட்டர் என்றால், அதே வோல்டேஜும் போதுமான ஆம்பியரும் உள்ள வேறு அடாப்டரில் சோதிக்கலாம்.

ஆன் செய்ததும் சில நிமிடங்கள் மின்னி, சூடானதும் சரியாகும் பழைய மானிட்டர்களில் பவர் போர்டில் உள்ள கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்க வாய்ப்பு உண்டு. சின்ன டப்பா போல இருக்கும் அது, கெட்டுப்போனால் தலைப்பக்கம் உப்பிக்கொள்ளும். 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பழுதாக்கின. அந்தக் காலம் 'கெப்பாசிட்டர் பிளேக்' என்றே அழைக்கப்படுகிறது. பாகத்தின் விலை மிகவும் குறைவு. விவரம் தெரிந்த டெக்னீஷியன் மாற்றிவிடுவார். ஆனால் வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் மின்சாரம் தேங்கி நிற்கும். ஷாக் அடிக்கும்.

பழுதே இல்லாத ஃப்ளிக்கரும் உண்டு. பிரைட்னஸைக் குறைக்கும்போது சில மானிட்டர்கள் பேக்லைட்டை மிக வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுகின்றன. பல்ஸ் விட்த் மாடுலேஷன் என்று இதற்குப் பெயர். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலியும் கண் எரிச்சலும் வரும். மொபைல் கேமராவில் பார்த்தால் ஸ்க்ரீனில் கறுப்புப் பட்டைகள் ஓடுவது தெரியலாம். பிரைட்னஸை ஏற்றியதும் பட்டைகள் மறைந்தால், அது மானிட்டரின் தயாரிப்பு முறை. அடுத்த முறை வாங்கும்போது 'ஃப்ளிக்கர் ஃப்ரீ' என்று குறிப்பிட்ட மாடலைத் தேடுவதே தீர்வு.

6 டாலர் கேபிள், 600 டாலர் செலவு

லேப்டாப்பில் கதை இன்னும் சிக்கல். மூடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது ஃப்ளிக்கர் வந்து போனால், கீல் வழியாகச் செல்லும் மெல்லிய டிஸ்ப்ளே கேபிளில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். பல மாடல்களில் அந்தக் கேபிளை மட்டும் தனியாக மாற்றலாம்.

எல்லா மாடலிலும் முடியாது என்பதற்கு 2016-ல் வந்த ஆப்பிள் மேக்புக் ப்ரோ நல்ல உதாரணம். திறந்து மூடத் திறந்து மூட, அதன் டிஸ்ப்ளே கேபிள் தேய்ந்தது. ஸ்க்ரீனின் அடிப்பகுதியில் மேடை விளக்கு போல வெளிச்சம் விழுந்தது. பிறகு பேக்லைட்டே அணைந்தது. 'ஃப்ளெக்ஸ்கேட்' என்று பெயர் பெற்ற இந்த விவகாரத்தை 2019-ன் தொடக்கத்தில் ஐஃபிக்ஸிட் அமைப்பு விளக்கியது. கேபிளின் மதிப்பு சுமார் 6 டாலர். ஆனால் அது டிஸ்ப்ளேவோடு சேர்த்தே உருவாக்கப்பட்டதால் மொத்த டிஸ்ப்ளேவையும் மாற்ற வேண்டும். செலவு சுமார் 600 டாலர். 2018 மாடலில் கேபிளை 2 மில்லிமீட்டர் நீளமாக்கியிருந்தது ஆப்பிள். 2019 மே மாதம் 13 இன்ச் 2016 மாடலுக்கு இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தது. 15 இன்ச் மாடல் அதில் இல்லை.

வாடிக்கையாளர் எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும், பழுதான பாகத்தை மட்டும் மாற்ற முடியாதபடி பொருளைச் செய்தால் அந்தச் சோதனைக்குப் பயனே இல்லை. ஃப்ளெக்ஸ்கேட் காட்டிய உண்மை இதுதான்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லலாமா?

சொல்ல முடியாது. முதலில், பேனல் உண்மையிலேயே போவதும் உண்டு. கீழே விழுந்தோ அழுத்தியோ விரிசல் விட்டது, மை கொட்டியது போலக் கறுப்பு பரவுவது, எந்தக் கேபிளில் எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் அதே இடத்தில் அசையாமல் நிற்கும் செங்குத்துக் கோடு... இவற்றைப் பார்த்து 'பேனல் போச்சு' என்று சொல்பவர் சரியாகத்தான் சொல்கிறார்.

அடுத்து, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஊர்ப்பக்கம் ஒரு சின்ன கடையிலோ உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியனின் கையில் என்ன இருக்கிறது? கம்பெனி சர்க்யூட் வரைபடம் தருவதில்லை. ஒரிஜினல் ஸ்பேர் கிடைப்பதில்லை. ஒரு போர்டை நோண்டிக் கோளாறைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகலாம். அந்த உழைப்புக்குக் கேட்கும் கூலியைக் கொடுக்க வாடிக்கையாளருக்கும் மனசு வருவதில்லை. கெப்பாசிட்டர் விலை பத்து ரூபாய் என்றால் பத்து ரூபாய்க்கா இவ்வளவு என்று பேரம் பேசுகிறோம். அப்புறம் அவர் 'புதுசு வாங்கிடுங்க' என்று சொல்வதில் என்ன ஆச்சரியம்?

இதை மாற்ற வேண்டியது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் டிவி, மானிட்டர்களுக்கான விதிப்படி, பவர் சப்ளை, கனெக்டர், கெப்பாசிட்டர் போன்ற பாகங்கள் பழுதுபார்ப்பவர்களுக்குக் குறைந்தது 7 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். அந்த மாடலின் கடைசிப் பொருள் சந்தைக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கணக்கு. பிரான்ஸில் 2021 ஜனவரியில், லேப்டாப், டிவி, ஸ்மார்ட்போன் உள்ளிட்டவற்றை விற்கும்போது, பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்கு 10-க்கு எத்தனை மதிப்பெண் என்று காட்ட வேண்டும் என்ற விதி வந்தது.

இந்தியாவிலும் பேச்சு தொடங்கியிருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளம் தொடங்கப்பட்டது. பழுதுபார்ப்பு மதிப்பெண் முறைக்கான குழு 2025 மே மாதம் அறிக்கை தந்தது. ஆனால் அது முதலில் குறிவைப்பது ஸ்மார்ட்போனையும் டேப்லெட்டையும்தான். லட்சக்கணக்கானவர்கள் வேலை பார்க்கும் மானிட்டரும் லேப்டாப்பும் அடுத்த வரிசையில் காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன? மதிப்பெண் மட்டும் போதாது. ஐரோப்பாவைப் போல இத்தனை ஆண்டுகள் ஸ்பேர் கிடைக்க வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டும்.

இது ஒருவரின் பர்ஸ் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை. ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். நல்ல நிலையில் உள்ள ஒரு மானிட்டரைக் கேபிள் கோளாறுக்காகத் தூக்கிப் போடுவது, இந்தக் குவியலில் இன்னொன்றைச் சேர்ப்பதுதான்.

கடைக்குப் போகும்போது என்ன கேட்கலாம்?

வீட்டுச் சோதனைகளை முடித்த பிறகும் கடைக்குப் போக வேண்டியிருந்தால், வெறுங்கையோடு போக வேண்டாம். ஃப்ளிக்கர் ஆவதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் போட்டதும் 'நல்லாத்தானே இருக்கு' என்ற பேச்சுக்கு இடமிருக்காது. உங்கள் கேபிளையும் அடாப்டரையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். எந்தச் சோதனையில் என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். டெக்னீஷியனுக்கும் நேரம் மிச்சம்.

'எந்தப் பாகம் போயிருக்கு? எதை வெச்சு சொல்றீங்க? வேற கேபிள்ல போட்டுப் பாத்தீங்களா?' என்று நிதானமாகக் கேளுங்கள். சரியாகப் பார்த்தவர் கோபப்பட மாட்டார், காட்டிவிடுவார். செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். சோதித்ததற்கான கட்டணத்தைத் தயங்காமல் கொடுங்கள், அதுவும் வேலைதான்.

வாரன்டி இருந்தால் வெளிக்கடையில் திறக்க விடாமல் முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவதே பாதுகாப்பு. அங்கே சரியான பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். தகராறு அதற்கும் மேல் போனால் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பில்லும் எழுத்தில் வாங்கிய மதிப்பீடும் அங்கே கை கொடுக்கும்.

ஒரு மெனு பட்டன், ஒரு ஸ்க்ரீன்ஷாட், கடன் வாங்கிய ஒரு கேபிள். பத்து நிமிஷம் ஒதுக்கினால் இந்த மூன்றும் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தலாம். அதற்குப் பிறகும் 'பேனல் போச்சு' என்றுதான் முடிவு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம், எதற்காகக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம்.